வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு வாரம்: நாடாளுமன்ற அறிவியல் பணிப்பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கும் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் அறிவியல் தொழில்நுட்ப அலுவலகத்தில் மூன்று மாதம் பணியாற்றிவிட்டு ஆய்வகத்துக்குத் திரும்பியதிலிருந்து, முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளை எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். தனித்தனியாக எழுதிய பதில்களை இங்கே ஒன்றுசேர்த்திருக்கிறேன். "அங்கே ஒரு வாரம் எப்படிப் போகும்?" என்பதே பெரும்பாலோரின் கேள்வி என்பதால், அதற்கான பதில் மற்றவற்றைவிட நீண்டிருக்கும்.

இந்த அலுவலகம் என்ன செய்கிறது? அது அரசின் ஓர் அங்கமா?

அரசின் அங்கம் அன்று; நாடாளுமன்றத்தின் அங்கம். இந்த வேறுபாட்டைச் சரியாக அறியாமலே விண்ணப்பிப்பவர்கள் பலர். அமைச்சர்களுக்கு அறிவியல் ஆலோசனை சொல்லத் துறைதோறும் அலுவலர்கள் இருக்கிறார்கள். அந்த அமைச்சரைக் கேள்வி கேட்க எழுந்து நிற்கும் எதிர்க்கட்சி உறுப்பினருக்கோ, ஆளுங்கட்சியின் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கோ அப்படி ஒரு படை இல்லை. சில உதவியாளர்களும், தொகுதி மக்களின் கடிதக் குவியலும்தான் அவருக்கு இருப்பவை. மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபையின் 650 உறுப்பினர்களுக்கும் மேலவையான பிரபுக்கள் சபை உறுப்பினர்களுக்கும் பொதுவாக, கட்சிச் சார்பில்லாமல் அறிவியல் செய்திகளைத் திரட்டித் தருவதே இந்த அலுவலகத்தின் வேலை.

எல்லாக் கட்சி உறுப்பினர்களும் அறிவியலாளர்களும் சேர்ந்து 1939 முதல் நடத்திவரும் நாடாளுமன்ற அறிவியல் குழு என்ற அமைப்பின் முயற்சியால், 1989-இல் நன்கொடைப் பணத்தைக் கொண்டு இது தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் நாடாளுமன்றமே செலவை ஏற்றுக்கொண்டது. 2001-இல் நிரந்தர அலுவலகமாயிற்று. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'போஸ்ட்' என்று அழைப்பார்கள். அது வெளியிடும் நான்கு பக்கக் குறிப்புக்குப் 'போஸ்ட்நோட்' என்று பெயர். இதுவரை வந்தவை 700-ஐத் தாண்டிவிட்டன. எந்தப் பொருளில் குறிப்பு எழுதுவது என்பதை இரு சபை உறுப்பினர்களும் வெளியிலிருந்து வரும் அறிவியலாளர்களும் கொண்ட ஒரு குழு தீர்மானிக்கிறது.

அமெரிக்கக் காங்கிரஸ் 1972-இல் இதைவிடப் பன்மடங்கு பெரிய தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் ஒன்றை ஏற்படுத்தியது. 1995-இல் செலவுக் குறைப்பின்போது அது மூடப்பட்டது. லண்டன் அலுவலகம் நிலைத்து நிற்பதற்கு அதன் சிறிய உருவமும், நான்கு பக்கத்துக்கு மேல் பேசாத அடக்கமும் காரணம் என்பது என் ஊகம்.

யார் சேரலாம்? உதவித்தொகை என்ன ஆகும்?

பிரிட்டனின் ஆய்வு மன்றங்களிடம் உதவித்தொகை பெற்று முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்களுக்கான வழியில்தான் நான் சென்றேன். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை நிற்காது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய நாளும் மூன்று மாதம் தள்ளிப்போகும். சில அறிவியல் கழகங்கள் தங்கள் துறை மாணவர்களுக்குத் தனியாக இடம் ஒதுக்கிப் பணமும் தருகின்றன. மாணவர் விசாவில் இருப்பவர்கள், விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. தேர்வான பிறகு கேட்பவர்களுக்குத் தலைவலி மிஞ்சும். இடம் உறுதியான பிறகு பாதுகாப்புச் சரிபார்ப்பு ஒன்று உண்டு, அதற்கும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மூன்று மாதம் ஒதுக்க முடியாதவர்களுக்கு, பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் இணைப்புத் திட்டம் இருக்கிறது. 2001-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் அறிவியலாளர் ஒருவரை ஓர் எம்.பி.யுடனோ அரசு அலுவலருடனோ இணைத்துவிடுவார்கள். அறிவியலாளர் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு வாரம் கழிப்பார், பிறகு அந்த எம்.பி.யோ அலுவலரோ அறிவியலாளருடைய ஆய்வகத்துக்கு வருவார்.

இந்தியாவில் இப்படி ஒன்று இருக்கிறதா?

அறிவியலுக்கென்று அமைந்த இதே வடிவம் இல்லை. நெருங்கி வருவது, பி.ஆர்.எஸ். சட்டமன்ற ஆய்வு நிறுவனம் 2010 முதல் நடத்தும் லேம்ப் ஃபெல்லோஷிப். எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம், வயது வரம்பு 25. ஆனால் அங்கே நீங்கள் ஒரு குறிப்பிட்ட எம்.பி.யின் உதவியாளர், அவருடைய உரைக்கும் கேள்விக்கும் தரவு திரட்டுவீர்கள். போஸ்ட்டில் நீங்கள் எந்த உறுப்பினரையும் சார்ந்தவர் அல்லர். எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்த வேறுபாடு தொடும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் ஆய்வுத் தலைப்பிலேயே எழுதச் சொல்வார்களா?

பெரும்பாலும் இல்லை, அது நல்லதும்கூட. என்னுடைய ஆய்வு புரதங்கள் மடிந்து வடிவம் கொள்வது பற்றியது. எனக்குக் கிடைத்த தலைப்போ நிலத்தடி நீரில் நைட்ரேட். முதல் வாரம் முழுக்கப் பள்ளி மாணவனைப் போலப் படித்தேன்.

இங்கே அந்தத் தலைப்பைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பின்வரும் பதில்களுக்கு அது தேவைப்படும். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் இங்கிலாந்தில் மேய்ச்சல் நிலங்களை உழுது பயிர்நிலமாக்கினார்கள். அடுத்து வந்த சில பத்தாண்டுகளில் செயற்கை உரம் பெருகியது. நைட்ரேட் பயிருக்குச் சத்து; பயிர் எடுத்துக்கொள்ளாமல் விட்டது மழைநீரோடு கீழே இறங்குகிறது. தென்னிங்கிலாந்திலும் கிழக்கிங்கிலாந்திலும் குடிநீருக்கு முக்கியமான நிலத்தடி நீர்த்தேக்கம் சாக் என்னும் வெள்ளை மென்பாறை, அதாவது நாம் கரும்பலகையில் எழுதிய சாக்குக்குப் பெயர் கொடுத்த அதே பாறை. அதன் நுண்துளைகளின் வழியே நைட்ரேட் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் இறங்கும். நீர்மட்டம் 40 மீட்டர் ஆழத்தில் இருக்கும் இடத்தில், இன்று கிணற்றை எட்டும் நைட்ரேட் ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன் யாரோ வயலில் தூவிய உரத்திலிருந்து வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பது சட்ட வரம்பு. அதைத் தாண்டாமலிருக்க, நைட்ரேட் குறைந்த வேறொரு கிணற்றின் நீரைக் கலந்து விநியோகிப்பது குடிநீர் நிறுவனங்களின் நடைமுறை.

நாடாளுமன்றத்தின் ஆயுள் அதிகபட்சம் ஐந்து ஆண்டு. இன்று இயற்றும் ஒரு விதியின் பலன் எட்டுத் தேர்தல்கள் கழித்துக் கிணற்றில் தெரியும். இதை ஓர் எம்.பி.க்கு நான்கு பக்கத்தில் சொல்வதுதான் என் வேலை.

ஒரு வாரம் எப்படிப் போகும்?

ஆறாவது வாரத்தைச் சொல்கிறேன். அதற்கு முந்திய வாரங்களில் வாசிப்புதான் அதிகம், பிந்திய வாரங்களில் திருத்தம்தான் அதிகம். ஆறாவது வாரத்தில் எல்லாம் கலந்திருந்தது.

திங்கட்கிழமை காமன்ஸ் சபை பிற்பகல் 2.30 மணிக்குத்தான் கூடும். தொகுதியிலிருந்து உறுப்பினர்கள் ரயிலேறி வந்துசேர அந்த அவகாசம். எங்களுக்கு அது நிம்மதியான காலை. அலுவலகக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் குறிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று இரண்டு நிமிடம் சொல்வோம். ஒருவர் மின்கலங்களைப் பற்றி எழுதுவார், இன்னொருவர் முதியோரின் தனிமையைப் பற்றி. அந்த இருபது நிமிடம் வாரத்தின் மிகச் சுவையான நேரம் என்பேன். பிறகு தொலைபேசி நேர்காணல்கள். ஒரு குறிப்புக்கு நான் ஏறக்குறைய 25 பேரிடம் பேசினேன். அன்று காலையில் நிலத்தடி நீரை ஆராயும் ஒரு நீர்மண்ணியல் ஆய்வாளர், நண்பகலில் ஒரு குடிநீர் நிறுவனத்தின் வேதியியலாளர், மாலையில் விவசாயிகள் தரப்பைப் பேசும் ஒருவர். மூவரும் ஒரே தரவை ஒப்புக்கொண்டார்கள். அதற்கு யார் பொறுப்பு என்பதில்தான் பிரிந்தார்கள். மூத்த ஆலோசகர் ஒருவர் எனக்குச் சொல்லித்தந்தபடி, ஒவ்வொரு நேர்காணலையும் "உங்கள் கருத்தை ஏற்காதவர் யார், அவரோடு நான் பேச முடியுமா?" என்ற கேள்வியோடு முடித்தேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் தயங்குவார்கள், ஆனால் எல்லோரும் ஒரு பெயரைச் சொல்வார்கள். என் பட்டியலில் பாதி அப்படிச் சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை தெரிவுக்குழுக்களின் நாள்; அரசின் பணியை ஆராயும் உறுப்பினர் குழுக்கள் இவை. குழு உறுப்பினர்கள் குதிரை லாட வடிவ மேசையைச் சுற்றி அமர, சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவர்கள் அதன் திறந்த பக்கத்தில் எதிர்கொண்டு உட்காருவார்கள். தொலைக்காட்சியில் காணும் சபைக் கூச்சல் இங்கே கிடையாது. குழுவின் ஊழியர்கள் தயாரித்துக் கொடுத்த கேள்வித்தாள் எல்லோர் முன்னும் இருக்கும்; ஆனால் நல்ல உறுப்பினர் அதைக் கீழே வைத்துவிட்டுச் சாட்சி சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வார். அன்று சாட்சியாக வந்திருந்த பேராசிரியர் ஒரு கேள்விக்கு "அது பல காரணிகளைப் பொறுத்தது" என்றார். "எந்தக் காரணியை முதலில் சொல்வீர்கள்?" என்று உடனே திரும்பி வந்தது. கருத்தரங்குகளில் நம்மில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. இந்தக் குழுக்களின் அறிக்கைக்கு அரசு இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது மரபு. ஆகவே சாட்சியின் ஒரு வாக்கியம் அறிக்கையில் இடம்பெற்றால் அமைச்சகத்தில் யாரோ ஒருவர் அதற்கு எழுத்தில் விடை சொல்லியாக வேண்டும்.

புதன்கிழமை நண்பகல் 12 மணிக்குப் பிரதமரிடம் கேள்வி கேட்கும் அரைமணி நேரம். பயிற்சிக் காலத்தில் ஒரு முறையாவது பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பாருங்கள். மாடத்துக்கும் சபைக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு ஒன்று இருக்கிறது. 2004-இல் அன்றைய பிரதமர் டோனி பிளேர் மீது ஊதா நிற மாவுப் பொட்டலம் வீசப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். கூச்சலைக் கேட்டுவிட்டு இறங்கி வந்து நைட்ரேட் வரைபடத்தைத் திறந்தபோது, இரண்டும் ஒரே நிறுவனத்தின் வேலை என்று நம்பச் சற்று நேரம் பிடித்தது. அன்று பிற்பகலில் ஓர் எம்.பி.யின் உதவியாளர், தம் தொகுதியில் கிணற்று நீர் குடிக்கும் குடும்பம் ஒன்று கடிதம் எழுதியிருப்பதாகவும் நைட்ரேட் குழந்தைக்கு என்ன செய்யும் என்றும் கேட்டார். கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைக்கக்கூடும் என்பதையும், பொதுக் குடிநீர் விநியோகத்தின் வரம்பு அதை முன்னிட்டே அமைந்தது என்பதையும், தனியார் கிணறுகளைப் பரிசோதிக்க உள்ளாட்சி மன்றத்தை அணுகலாம் என்பதையும் எழுதி அனுப்பினேன். மூன்று மாதத்தில் நான் எழுதியவற்றுள் மிகச் சிறியதும், ஒருவருக்கு உடனே பயன்பட்டதும் அந்த மின்னஞ்சல்தான்.

வியாழக்கிழமை காலையில் அடுத்த வாரம் சபையில் என்னென்ன வரும் என்று அறிவிப்பார்கள். எங்கள் அலுவலகம் அதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும், ஏனென்றால் ஒரு விவாதம் முன்கூட்டி வந்துவிட்டால் அதற்குரிய குறிப்பையும் முன்கூட்டி முடிக்க வேண்டியிருக்கும். மாலையில் கட்டடம் மெல்லக் காலியாகும்; கைப்பெட்டிகள் தரையில் உருளும் ஓசையைக் கொண்டே அன்று வியாழன் என்று சொல்லிவிடலாம்.

பெரும்பாலான வெள்ளிக்கிழமைகளில் சபை கூடாது, உறுப்பினர்கள் தொகுதியில் இருப்பார்கள். எழுதுவதற்கு ஏற்ற நாள் அது. எழுதினேன், வெட்டினேன்.

குறிப்பில் பரிந்துரை செய்யக் கூடாது என்கிறார்களே, ஏன்?

இதைத்தான் நான் அங்கே கற்றேன், மற்றவை எல்லாம் இதற்குத் துணை.

என் முதல் வரைவில் "உரப் பயன்பாட்டைக் குறைக்க வேண்டும்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. எனக்கு அது கருத்தாகவே தோன்றவில்லை; நைட்ரேட்டுக்குக் காரணம் உரம், ஆகவே உரத்தைக் குறைக்க வேண்டும், இதில் என்ன தவறு? என்னை மேற்பார்வையிட்ட ஆலோசகர் அந்தக் கடைசிச் சொல்லைச் சுற்றி வட்டமிட்டு, ஓரத்தில் "யார் சொல்கிறார்கள்?" என்று எழுதியிருந்தார். தமிழ்ப் பத்திரிகைத் தலையங்கங்களைப் படித்து வளர்ந்தவனுக்கு இது பெரிய சிக்கல். நம் தலையங்கம் அரசு ஆவன செய்ய வேண்டும் என்று முடியாவிட்டால் முடிந்ததாகவே தோன்றாது. அந்த 'வேண்டும்' எனக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதை, நான்கு பக்கத்தில் பதினொரு இடத்தில் அதை நானே எண்ணியபோதுதான் உணர்ந்தேன்.

உரத்தைக் குறைத்தால் விளைச்சல் குறையலாம். அதன் நட்டத்தை விவசாயி ஏற்பதா, வரி செலுத்துபவர் ஏற்பதா, தண்ணீர்க் கட்டணம் கட்டுபவர் ஏற்பதா என்பது வேதியியல் கேள்வி அன்று. அதற்கு விடை சொல்லும் அதிகாரத்தை வாக்காளர்கள் 650 பேரிடம் கொடுத்திருக்கிறார்கள், புரதம் மடிவதைப் படிக்கும் என்னிடம் கொடுக்கவில்லை. ஆகவே திருத்திய வரைவில் உரத்தைக் குறைப்பது, குளிர்கால மழைக்கு முன், மிஞ்சிய நைட்ரேட்டை உறிஞ்சும் மூடுபயிர் இடுவது, கிணற்று நீரைச் சுத்திகரிப்பது என்று வழிகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் என்ன சான்று இருக்கிறது, எவ்வளவு காலம் பிடிக்கும், யார் ஆதரிக்கிறார்கள், யார் எதிர்க்கிறார்கள், என்ன காரணம் சொல்கிறார்கள் என்று எழுதினேன்.

இதனால் குறிப்பு சாரமற்றுப் போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் நான்கு வாரம் இருந்தது. ஆனால் நடுநிலை என்பது இரு தரப்புக்கும் சரிபாதி இடம் கொடுப்பது என்று யாரும் அங்கே சொல்லவில்லை. நைட்ரேட் மெதுவாக இறங்குகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை, ஆகவே அதைத் தயக்கமின்றி எழுதலாம். நைட்ரேட் உச்சத்தை எந்த ஆண்டில் எட்டும் என்பது இடத்துக்கு இடம், கணிப்பு மாதிரிக்கு மாதிரி மாறுகிறது; அதை அப்படியே சொல்ல வேண்டும். எது உறுதி, எது உறுதியற்றது என்ற கோட்டைச் சரியான இடத்தில் போடுவது, பரிந்துரை எழுதுவதைவிடக் கடினம். பரிந்துரைக்கு ஒரு மாலை போதும். அந்தக் கோட்டுக்கு 25 பேரிடம் பேச வேண்டியிருந்தது.

குறிப்பை யார் சரிபார்க்கிறார்கள்?

அலுவலகத்துக்குள் இரண்டு மூன்று சுற்று, பிறகு வெளியில் துறை வல்லுநர்கள், அமைச்சக அலுவலர்கள், தொழில் தரப்பினர், தன்னார்வ அமைப்பினர். எதிரெதிர்க் கருத்துள்ளவர்கள் ஒரே வரைவைப் படித்து, தங்கள் தரப்பு நியாயமாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று ஒப்ப வேண்டும்.

என் மானத்தைக் காத்ததும் அந்தச் சுற்றுதான். நைட்ரேட்டின் அளவை இரண்டு விதமாகக் குறிப்பார்கள்: நைட்ரேட் அயனி முழுவதையும் எடையிட்டால் வரம்பு 50 மில்லிகிராம், அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் எடையிட்டால் அதே வரம்பு 11.3 மில்லிகிராம். அமெரிக்க ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டாம் முறையில் எழுதுகின்றன. நான் ஒரு பத்தியில் இரண்டையும் கலந்துவிட்டிருந்தேன். அப்படியே வெளியாகியிருந்தால், அமெரிக்க வரம்பு பிரிட்டனுடையதைவிட ஐந்தில் ஒரு பங்குதான் என்று யாராவது சபையில் எழுந்து முழங்கியிருப்பார். உண்மையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. நீர்மண்ணியல் ஆய்வாளர் அனுப்பிய திருத்தம் ஒரே வரி: "அலகைப் பாருங்கள்." அன்று மதிய உணவு இறங்கவில்லை.

எம்.பி.க்களை நேரில் சந்திக்க முடியுமா?

நினைப்பதைவிடக் குறைவாகத்தான் முடியும். நடைக்கூடங்களில் கடந்து போவார்கள், தேநீர் வரிசையில் முன்னால் நிற்பார்கள். பேச்சு நடப்பது பெரும்பாலும் அவர்களுடைய உதவியாளர்களிடமும் குழு ஊழியர்களிடமும் தான். ஓர் உறுப்பினரோடு பேச எனக்கு ஒருமுறை பத்து நிமிடம் கிடைத்தது. ஐந்தாம் நிமிடத்தில் வாக்கெடுப்பு மணி ஒலித்தது. மணி ஒலித்தால் எட்டு நிமிடத்துக்குள் வாக்களிக்கும் கூடத்துக்குள் நுழைந்துவிட வேண்டும், அதன் பின் கதவை அடைத்துவிடுவார்கள். அவர் எழுந்தபடியே "40 ஆண்டா?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். போய்விட்டார். அந்த எண்ணைக் குறிப்பின் முதல் பத்திக்கு மாற்றியது அன்றுதான்.

அறிவியல் சான்று சபையின் முடிவை உண்மையிலேயே மாற்றுகிறதா?

நேர்க்கோடாக மாற்றுவதில்லை. நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது 2015 பிப்ரவரி 3 அன்று காமன்ஸ் சபையில் நடந்த வாக்கெடுப்பை. மைட்டோகாண்ட்ரியா என்பது உயிரணுவுக்கு ஆற்றல் தரும் உறுப்பு; தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லும் அதன் நோயைத் தடுக்க, வேறொரு பெண்ணின் ஆரோக்கியமான மைட்டோகாண்ட்ரியாவைப் பயன்படுத்திக் கருவை உருவாக்க அனுமதிக்கும் விதிகள் அன்று முன்வைக்கப்பட்டன. விவாதம் 90 நிமிடம். கட்சிக் கொறடா உத்தரவு இல்லை, அவரவர் மனச்சாட்சிப்படி வாக்கு. ஆதரவு 382, எதிர்ப்பு 128. அதே மாதம் பிரபுக்கள் சபையும் ஏற்றது. சட்டத்தின் வழியே இதை அனுமதித்த முதல் நாடு பிரிட்டன்.

அதற்கு முன் வல்லுநர் குழு 2011-இலும் 2013-இலும் 2014-இலும் சான்றுகளை ஆராய்ந்து அறிக்கை தந்திருந்தது. அந்த முறை பாதுகாப்பானது என்று அது சொல்லவில்லை. பாதுகாப்பற்றது என்பதற்குச் சான்றில்லை என்றது. இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். ஆதரித்தவர்கள் அதில் துணிவைக் கண்டார்கள். எதிர்த்தவர்களில் சிலர் இன்னும் காத்திருக்கலாம் என்பதற்கான இடத்தைக் கண்டார்கள். வேறு சிலருக்குக் கருவைத் தொடுவதே அறத்துக்குப் புறம்பு, அவர்களை எந்தச் சோதனை முடிவும் அசைத்திருக்காது. அறிவியலாளர்கள் தங்களுக்குத் தெரிந்த எல்லையோடு நின்றதால்தான் மீதிக் கேள்வியைச் சபை தன்னுடையதாக எடுத்துக்கொண்டு விவாதிக்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன். இதை மறுக்கும் நண்பர்களும் எனக்கு உண்டு. அரசு முடிவெடுத்துவிட்டுச் சான்றைத் தேடும் தருணங்களையே தாங்கள் அதிகம் கண்டதாகச் சொல்வார்கள். அவர்கள் கண்டதும் பொய்யில்லை.

கட்டடம் எப்படி இருக்கும்?

அரசர் குடியிருக்காத அரண்மனை போல. பசுமை நிறக் கம்பளம் காமன்ஸ் பகுதி. நடந்துகொண்டே இருக்கும்போது கம்பளம் சிவந்துவிட்டால் பிரபுக்கள் சபைக்குள் வந்துவிட்டீர்கள் என்று பொருள். வழி தவறாதவர் எவரும் இல்லை. எதிரில் உள்ள போர்ட்கல்லிஸ் ஹவுஸ் 2001-இல் திறக்கப்பட்ட புதுக் கட்டடம். அதன் கண்ணாடிக் கூரைக்குக் கீழே அத்தி இனத்து மரங்கள் வரிசையாக நிற்கும். அந்த மரங்களை வாடகைக்கு எடுத்துப் பெருந்தொகை செலவிட்டார்கள் என்பது அங்கே அலுக்காத வம்பு. பழைய அரண்மனையில் எலி உண்டு.

என் நெறியாளர் இதை நேர விரயம் என்கிறார். என்ன செய்வது?

என் அனுபவத்தில் நெறியாளர்கள் அஞ்சுவது மூன்று மாத இழப்பை அன்று. திரும்பி வந்தபின் மனம் ஆய்வில் ஒட்டாமல் போவதை. அது நியாயமான அச்சம். எனக்கும் முதல் மாதம் ஒட்டவில்லை. ஆகவே, நீண்ட காலம் பிடிக்கும் ஒரு சோதனை இயல்பாக முடியும் இடத்தில் பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள், திரும்பிய மறுநாள் செய்ய வேண்டிய வேலையைக் கிளம்புமுன்னே எழுதி வைத்துவிடுங்கள், அந்தத் தாளை நெறியாளரிடம் கொடுங்கள். இரண்டாம் ஆண்டின் பிற்பகுதி பலருக்கும் ஒத்துவருகிறது. கடைசி ஆண்டில் போனவர்கள் தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

உடை, உணவு, வேலை நேரம்?

ஒழுங்கான அலுவலக உடை போதும். குழு அறைக்குப் போகும் நாளில் கோட் இருந்தால் நல்லது. உணவகத்தில் விலை லண்டனின் விலையைவிடக் குறைவு. சபை இரவு வரை நடந்தாலும் நீங்கள் மாலையில் வீட்டுக்குப் போகலாம்.

விண்ணப்பத்துடன் அனுப்பும் மாதிரிக் குறிப்பை எப்படி எழுதுவது?

உங்கள் ஆய்வைப் பற்றி எழுதாதீர்கள். அதில் உங்களுக்குத் தெரிந்தது அதிகம் என்பதால் எதை விடுவது என்று தெரியாமல் போகும். நாளிதழில் கண்ட, சட்டத்தோடு தொடர்புள்ள ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாக்கியங்களில் அது ஏன் இப்போது சபைக்கு முன் வருகிறது என்பதைச் சொல்லிவிடுங்கள். அறிவியல் பின்னணி அதற்குப் பிறகு வரட்டும், ஆய்வுக் கட்டுரையின் வரிசை இங்கே தலைகீழ். ஒவ்வொரு கருத்தும் யாருடையது என்று தெரியும்படி எழுதுங்கள். முடித்தபின், அந்தத் துறை அறியாத ஒருவரிடம் முதல் பத்தியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்விக்கான விடை இரண்டாம் பத்தியில் இருந்தால் அனுப்பிவிடலாம். இல்லாவிட்டால் பத்திகளின் வரிசையை மாற்றிப் பாருங்கள்.